மழை ஓய்ந்து ஆறு வாரம்: நுளம்பு, வைரஸ், காலநிலை ஆகியவற்றின் நாட்கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டின் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்க்கிறது. அங்கே டெங்கு நோயாளர் தொகை உச்சத்தைத் தொடுவதோ பெரும்பாலும் வெள்ளம் வடிந்து, வானம் வெளித்து, சனங்கள் தைப்பொங்கலுக்கு ஆயத்தமாகும் நாட்களில். கொழும்பில் நிலைமை வேறு. அங்கே பெரிய உச்சம் ஜூன், ஜூலை மாதங்களில் வருகிறது; சிறிய உச்சமொன்று ஆண்டு முடிவை ஒட்டி வருகிறது. ஒரே தீவு, ஒரே வைரஸ், ஒரே நுளம்பு. இரண்டு நகரங்களின் நோய்க்காலங்களுக்கு இடையே மட்டும் ஏறத்தாழ ஆறு மாத இடைவெளி.

இதைப் பார்ப்பவர்கள் "மழை வந்தால் டெங்கு வரும்" என்ற வாய்பாட்டைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். வாய்பாடு முழுப் பொய்யில்லை. ஆனால் கடும் வறட்சியிலும் இத்தகைய காய்ச்சல்கள் ஊரையே வளைத்துப் போட்டிருக்கின்றன. பெருமழை சில வேளைகளில் நுளம்பைக் குறைத்தும் இருக்கிறது. மழை, வெப்பம், ஈரப்பதம் ஆகியவை நோயாக மாறும் வழியில் நுளம்பின் ஆயுள், வைரஸ் முதிரும் நாட்கள், மனிதர் தண்ணீரைச் சேமிக்கும் பழக்கம் என்று பல படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளை ஒழுங்காகப் பார்த்தால், புவி வெப்பமடைவதால் டெங்கு கூடுமா என்ற கேள்விக்கும் ஓரளவு நிதானமான பதில் கிடைக்கும்.

சில அடிப்படைச் சொற்கள்

டெங்கு, சிக்குன்குன்யா, சீகா, யப்பானிய மூளைக்காய்ச்சல் ஆகியவை வைரஸ்களால் வருபவை. மலேரியா அப்படியல்ல, அது ஒட்டுண்ணியால் வருவது. ஆயினும் அதையும் நுளம்பே சுமப்பதால், கீழே ஓரிடத்தில் அதுவும் எடுத்துக்காட்டாக வரும். நோய்க்கிருமியை ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குக் கொண்டுசெல்லும் பூச்சியை நோய்க்காவி என்பர். தமிழ்நாட்டில் கொசு எனப்படுவதையே இலங்கையில் நுளம்பு என்கிறோம். தண்ணீருக்குள் நெளியும் அதன் புழுப்பருவத்தைக் குடம்பி என்கிறோம்.

டெங்குவைச் சுமப்பவை ஏடிஸ் இனத்தைச் சேர்ந்த இரண்டு நுளம்புகள். கால்களிலும் உடலிலும் கறுப்பு வெள்ளை வரிகள் கொண்ட இவை பகலில், குறிப்பாகக் காலையிலும் பொழுதுபடும் முன்னரும், கடிப்பவை. ஏடிஸ் எஜிப்டி வீட்டோடு வாழ்கிறது. அலுமாரிக்குப் பின்னால், தொங்கும் உடுப்புகளுக்குள், கட்டிலுக்குக் கீழே ஓய்வெடுக்கிறது. புலி நுளம்பு என்று பெயர் பெற்ற ஏடிஸ் அல்போபிக்டஸ் தோட்டம், பற்றை, மர நிழல் ஆகியவற்றை விரும்புகிறது. இரண்டிலும் கடிப்பது பெண் நுளம்பு மட்டுமே. முட்டை உருவாக அதற்குக் குருதி வேண்டும்.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகையால் நோயுற்றுத் தேறியவருக்கு அந்த வகைக்கு எதிராக நெடுங்கால எதிர்ப்புச் சக்தி கிடைக்கிறது. மற்ற மூன்றுக்கும் கிடைப்பது குறுகிய காலப் பாதுகாப்பே. இரண்டாம் முறை வேறு வகை தொற்றும்போது நோய் கடுமையாகும் வாய்ப்புக் கூடுகிறது. இந்த உண்மையை மறந்துவிட்டு வானிலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டவர்கள் பலமுறை தவறியிருக்கிறார்கள்.

நுளம்பின் ஆயுளும் வைரஸின் அவசரமும்

நோயாளியைக் கடித்த அடுத்த நிமிடமே நுளம்பு நோயைப் பரப்பிவிடுவதில்லை. குருதியோடு போன வைரஸ் முதலில் நுளம்பின் நடுக்குடற் சுவரில் தொற்றிப் பெருக வேண்டும். பிறகு உடல் முழுதும் பரவி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய வேண்டும். அதற்குப் பின்னர் கடித்தால்தான் அடுத்தவருக்கு நோய். இந்த இடைக்காலத்தை நுளம்பினுள் வைரஸ் முதிரும் காலம் எனலாம். காலநிலை தன் கையை நுழைப்பது முதன்மையாக இந்த இடத்தில்தான்.

நுளம்பு குளிர்க்குருதிப் பிராணி. சூழல் எவ்வளவு சூடோ அதன் உடலும் ஏறத்தாழ அவ்வளவு சூடு. உள்ளே வைரஸ் பெருகும் வேகமும் அதைப் பொறுத்தது. டெங்கு வைரஸ் முதிர 25 பாகை செல்சியஸில் சராசரியாக 15 நாட்கள் ஆகும் என்றும், 30 பாகையில் ஆறரை நாட்களே போதும் என்றும் பல ஆய்வுகளைத் திரட்டிய மதிப்பீடு ஒன்று காட்டுகிறது. ஐந்து பாகை கூடினால் காத்திருப்பு பாதிக்கும் கீழே போகிறது.

இதன் பொருளை எளிய கணக்கொன்றால் விளக்கலாம்.

1. ஒரு வட்டாரத்தில் நோயாளியைக் கடித்து வைரஸை ஏற்ற நுளம்புகள் 100 இருப்பதாகக் கொள்வோம். பறவை, பல்லி, சிலந்தி, மனிதக் கை என்று எதனாலோ நாளொன்றுக்குப் பத்தில் ஒரு நுளம்பு சாகிறது எனவும் கொள்வோம்.

2. வைரஸ் முதிர 15 நாட்கள் ஆகுமானால், அந்த நாள்வரை உயிரோடிருப்பவை ஏறத்தாழ 20 நுளம்புகள். மீதி 80 நுளம்புகளும் யாருக்கும் நோயைக் கொடுக்காமலே செத்துவிடுகின்றன.

3. முதிர ஆறரை நாட்களே போதுமானால், ஏறத்தாழ 50 நுளம்புகள் நோயைக் கடத்தும் நிலையை அடைகின்றன.

நுளம்பின் தொகை ஒன்றுகூட ஏறவில்லை. ஆபத்தான நுளம்பின் தொகை மட்டும் இரண்டரை மடங்காகிறது. நுளம்புத் தொல்லை அதிகமான மாதமும் டெங்கு அதிகமான மாதமும் எப்போதும் ஒன்றாக இராமைக்கு இதுவும் ஒரு காரணம்.

வெப்பம் ஏற ஏற நோயும் ஏறிக்கொண்டே போகும் என்று இதிலிருந்து முடிவு கட்டக்கூடாது. வெயில் மிகுந்தால் நுளம்பும் வாடும். ஏடிஸ் எஜிப்டி வழியாக நோய் பரவ மிகவும் வாய்ப்பான வெப்பநிலை 29 பாகையை ஒட்டியது என்றும், ஏடிஸ் அல்போபிக்டஸுக்கு அது 26 பாகையளவு என்றும் கணித மாதிரிகள் சொல்கின்றன. அதற்கு மேல் நுளம்பின் ஆயுள் குறுகிப் பரவல் சரிகிறது. 18 பாகைக்குக் கீழும் 34 பாகைக்கு மேலும் பரவல் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆனால் வானிலை நிலையம் அளப்பது திறந்தவெளியின் வெப்பத்தை. ஏடிஸ் எஜிப்டி இருப்பதோ கிணற்றடியிலும் குளியலறையிலும் இருண்ட அறையின் மூலையிலும். வெளியே 36 பாகை கொளுத்தும்போது அதன் இருப்பிடம் 30 பாகையில் இருக்கக்கூடும்.

இலங்கையின் கரையோரத் தாழ்நிலங்களில் சராசரி வெப்பம் ஆண்டு முழுதும் 27, 28 பாகையைச் சுற்றியே நிற்கிறது. அதாவது வைரஸுக்கு வேண்டிய சூடு அங்கே எப்போதும் இருக்கிறது. பருவத்தைத் தீர்மானிப்பது தண்ணீர். கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே, சராசரி 16 பாகையில் இருக்கும் நுவரெலியாவில் நிலைமை தலைகீழ்: தண்ணீருக்குப் பஞ்சமில்லை, சூடுதான் போதாது. ஒரே நாட்டுக்குள்ளேயே கட்டுப்படுத்தும் காரணி இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதால், "ஒரு பாகை வெப்பம் கூடினால் இத்தனை சதவீதம் டெங்கு கூடும்" என்று நாடு முழுமைக்கும் ஒரே எண்ணைச் சொல்லும் செய்திகளைச் சற்றே ஐயத்துடன் வாசிப்பது நல்லது.

மழை செய்யும் வேலை

வீட்டுக் கோடியில் கிடக்கும் பழைய பிளாஸ்டிக் வாளியொன்றைக் கவனியுங்கள். பாதியளவு மழைத்தண்ணீர், அடியில் மக்கிய இலை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் ஊறிய உட்சுவரில், மிளகுத் தூளை ஒட்டியதுபோல் கரிய புள்ளிகள் வரிசையாக இருக்கும். அவை ஏடிஸின் முட்டைகள். வாளியைத் தட்டினால் மேற்பரப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த குடம்பிகள் நெளிந்து நெளிந்து அடிக்குப் போகும். சிறிது நேரம் பொறுத்தால், மூச்சுவிட மீண்டும் மேலே வரும். தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் குடம்பிகள் வெயிலில் செத்துவிடும். சுவரில் ஒட்டிய முட்டைகள் சாகா. அவை காய்ந்த நிலையில் பல மாதங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்து, அடுத்த மழையில் நீர்மட்டம் தொட்டவுடன் பொரிக்கும்.

ஏடிஸ் உலகத்தைச் சுற்றி வந்ததற்குக் காரணம் இந்த முட்டைதான். பழைய ரயர்களின் உட்குழிவில் ஒட்டிய முட்டைகளோடு புலி நுளம்பு ஆசியாவிலிருந்து கப்பலேறியது. 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டனிலும், 1990இல் இத்தாலியின் ஜெனோவாவிலும் அது நிலைகொண்டது கண்டறியப்பட்டது.

இனி, மழைக்கும் நோயாளர் உச்சத்துக்கும் இடையிலான நாட்களைக் கூட்டிப் பார்க்கலாம்.

1. மழைத்தண்ணீர் தேங்கி, முட்டை பொரித்து, குடம்பி வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்து வெளியேற 7 முதல் 10 நாட்கள்.

2. பெண் நுளம்பு இணைசேர்ந்து, குருதி தேடி, ஏற்கெனவே வைரஸ் உள்ள ஒருவரைக் கடிக்கச் சில நாட்கள்.

3. நுளம்பினுள் வைரஸ் முதிர ஒரு வாரம் முதல் பத்து நாட்கள்.

4. கடிபட்டவருக்குக் காய்ச்சல் தொடங்கப் பொதுவாக 4 முதல் 7 நாட்கள். வைத்தியசாலைக்குப் போய்ப் பரிசோதனை முடிந்து கணக்கில் ஏற மேலும் சில நாட்கள்.

இது ஒரு சுற்று மட்டுமே. மூன்று நான்கு வாரங்கள் இதிலேயே கழிந்துவிடும். சில நோயாளர் பலராகப் பெருக இரண்டாவது சுற்றாவது வேண்டும். கார்த்திகை மழை தையில் காய்ச்சலாகத் தெரிவது இப்படித்தான். கொழும்பில் மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கி ஜூலையில் உச்சம் வருவதும் இதே கணக்கு.

மழையின் அளவைவிட அதன் தன்மை முக்கியம். விட்டுவிட்டுப் பெய்யும் மழையும் இடையிடையே அடிக்கும் வெயிலும் நுளம்புக்கு உகந்தவை. ஒரே மூச்சில் ஊற்றும் மழையோ சிரட்டையையும் கூரைப் பீலியையும் கழுவிக் குடம்பிகளை வாய்க்காலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆகவே வெள்ளம் பாய்ந்த அடுத்த நாட்களில் டெங்கு குறைந்திருப்பதைப் பார்த்து ஆறுதல் அடைய இடமில்லை. வெள்ளம் வடிந்த பின் எஞ்சும் குப்பையும் குட்டையுமே அடுத்த தலைமுறையின் தொட்டில். மழையோடு வரும் ஈரப்பதத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காற்று உலர்ந்திருந்தால் நுளம்பு விரைவில் நீரிழந்து சாகும். ஈரக்காற்றில் அதன் ஆயுள் நீளும். நுளம்பு சாகும் முன் முதிர்ந்துவிட வேண்டிய வைரஸுக்கு ஆயுள் நீள்வது சாதகம்.

2017: எல்லாம் ஒன்றுசேர்ந்த ஆண்டு

இலங்கையில் டெங்கு 1960களிலேயே உறுதிசெய்யப்பட்டது. உயிராபத்தான வடிவில் அது பெரிதாகத் தலையெடுத்தது 1989ஐ ஒட்டிய ஆண்டுகளில். 2009இல் 35,000 பேரளவில் நோயுற்றனர். 300க்கு மேற்பட்டோர் இறந்தனர். 2017இல் அந்தத் தொகை 1,86,000ஐத் தாண்டியது. நாடு அதுவரை கண்டிராத அளவு அது.

அந்த ஆண்டைப் பற்றிப் பேசும்போது பலரும் மே மாத இறுதியில் தென்மேற்கைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தையே காரணமாகச் சொல்கிறார்கள். திகதிகளைப் பார்த்தால் இது போதாது. வெள்ளத்துக்கு முன்னரே, ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே நோயாளர் தொகை வழமையைவிட உயர்ந்திருந்தது. அதற்குக் காரணம் வைரஸின் வகை மாறியமை. 2009 முதல் அரிதாகவே காணப்பட்ட இரண்டாம் வகை டெங்கு வைரஸ் மேலோங்கியது. அந்த வகைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒரு தலைமுறை சிறுவர் இடையில் பிறந்து வளர்ந்திருந்தனர். வேறு வகைகளால் முன்னர் தொற்றுற்ற பெரியவர்களோ கடும் நோய்க்கு வாய்ப்புள்ள நிலையில் இருந்தனர்.

இதற்கிடையில் ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பின் மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. கொட்ட இடமின்றி நகரத்துக் குப்பை வீதியோரங்களில் குவிந்தது. தயிர்ச்சட்டி, யோகட் கோப்பை, பொலித்தீன் பை, இளநீர்க் கோம்பை ஒவ்வொன்றும் ஒரு சிறு குளம். அதன் மேல் மே மாத மழை. ஜூலையில் மட்டும் 40,000க்கு மேற்பட்ட நோயாளர் பதிவாகினர். வைத்தியசாலைகளில் ஒரே கட்டிலை இருவர் பகிர்ந்ததும் தரையில் பாய் விரித்ததும் அப்போதுதான்.

ஆக, எதிர்ப்புச் சக்தியற்ற மக்கள்தொகை விறகு, குப்பை எண்ணெய், மழை தீக்குச்சி. தீக்குச்சியை மட்டும் விசாரித்துத் தீர்ப்பு எழுதுவது அரசியல்வாதிகளுக்கு வசதி, ஏனெனில் மழைமீது யாரும் வழக்குப் போட முடியாது.

வறட்சி கொண்டுவந்த காய்ச்சல்

மழைக் கோட்பாட்டுக்கு நேர் எதிரான சான்று கென்யாவின் கரையோரத் தீவான லாமுவில் 2004இல் கிடைத்தது. அங்கே மழை பொய்த்திருந்தது. குடிதண்ணீருக்குத் தட்டுப்பாடு; கிடைத்த தண்ணீரை மக்கள் வீட்டுக்குள் பாத்திரங்களில் சேர்த்து வைத்தனர், அடிக்கடி மாற்றவும் வழியில்லை. ஏடிஸ் எஜிப்டிக்கு இதைவிட நல்ல இருப்பிடம் கிடையாது. வறட்சியும் வழமையைவிட மிஞ்சிய வெப்பமும் சேர்ந்து வைரஸை விரைவாக முதிரச் செய்திருக்கலாம். சில மாதங்களில் அந்தத் தீவு மக்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சிக்குன்குன்யா தொற்றியிருந்ததைக் குருதிப் பரிசோதனைகள் காட்டின.

அங்கிருந்து வைரஸ் 2005இல் கொமோரோஸ் தீவுகளுக்கும், பின்னர் பிரான்சின் ஆட்சியிலுள்ள ரியூனியன் தீவுக்கும் போனது. ரியூனியனில் ஏடிஸ் எஜிப்டி அரிது. அங்கே நிறைந்திருப்பது புலி நுளம்பு. சிக்குன்குன்யா வைரஸுக்கு அந்த நுளம்பு அவ்வளவு ஒத்துவராதது. ஆனால் வைரஸின் மேலுறைப் புரதத்தில் 226ஆம் இடத்திலிருந்த ஒரேயொரு அமினோ அமிலம், அலனினிலிருந்து வலினாக, மாறியது; அந்த மாற்றம் புலி நுளம்பின் குடலில் வைரஸ் பெருகும் திறனைப் பலமடங்கு கூட்டியது. ஏறத்தாழ 7,70,000 பேர் வாழ்ந்த தீவில் 2,66,000 பேர் நோயுற்றனர். சூழலில் எந்த நுளம்பு இருக்கிறதோ அதற்கேற்ப வைரஸே தன்னை மாற்றிக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

2006 இறுதியில் சிக்குன்குன்யா இலங்கைக்கும் வந்து யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, கல்முனை என்று கரையோரம் நெடுகப் பரவியது. போர் மூண்டிருந்த காலம் அது. 2007இல் கேரளத்தில், அந்த மாற்றத்தைத் தாங்கிய வைரஸ், றப்பர்த் தோட்டங்கள் நிறைந்த மாவட்டங்களைத் தாக்கியது. பால் வெட்டாத மழைக்காலத்தில் மரத்தில் கட்டிய சிரட்டைகளிலும் கிண்ணங்களிலும் தேங்கிய மழைத்தண்ணீர் புலி நுளம்பை வளர்த்தது. அதே ஆண்டு கேரளத்திலிருந்து சென்ற ஒரு பயணியின் குருதி வழியாக இத்தாலியின் ரவென்னா மாகாணத்துக் கிராமங்களில் 200க்கு மேற்பட்டோருக்கு நோய் பரவியது.

வறட்சிப் பாடம் இலங்கைக்குப் புதிதன்று. 1934-35இல் ஈரவலயத்தில் மழை பொய்த்து ஆறுகள் வற்றி, மணற்படுகைகளில் குட்டை குட்டையாகத் தண்ணீர் நின்றபோது, ஓடும் நீரில் வளர முடியாத அனோபிலிஸ் நுளம்பு அவற்றில் பெருகியது. அந்த மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்.

பிரேசில், பார்படோஸ் ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன: வறட்சியின் விளைவு நான்கைந்து மாதங்கள் கழித்தும், பெருமழையின் விளைவு ஒன்றிரண்டு மாதங்களிலும் டெங்குவில் தெரிகிறது. குழாய்நீர் அடிக்கடி நின்றுபோகும் நகரங்களில் வறட்சியின் விளைவு இன்னும் கூடுதல். அதாவது வறட்சியை நோயாக மாற்றுவது நீர்வழங்கலின் ஒழுங்கின்மை.

உப்புநீரும் தடையில்லை

ஏடிஸ் தெளிந்த நன்னீரில் மட்டுமே வளரும் என்பது நெடுங்காலமாகப் பாடப்புத்தகங்களிலும் சுகாதாரப் பிரசுரங்களிலும் சொல்லப்பட்டு வந்தது. அதை உடைத்த ஆய்வு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நடந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சின்னத்தம்பி சுரேந்திரன், ரஞ்சன் இராமசாமி முதலியோர் 2011இல் வெளியிட்ட முடிவுகளின்படி, கரையோரத்தில் எறியப்பட்ட போத்தல், கோப்பைகளிலும், கைவிடப்பட்ட மீன்பிடி வள்ளங்களிலும், பாவிக்காத கிணறுகளிலும் தேங்கிய உவர்நீரில் இரண்டு ஏடிஸ் இனங்களின் குடம்பிகளும் வளர்ந்துகொண்டிருந்தன. அந்த நீரின் உப்பு ஆயிரத்தில் 15 பங்குவரை இருந்தது. கடல்நீரில் அது ஏறத்தாழ 35.

குடாநாட்டின் நிலத்தடியை அறிந்தவர்களுக்கு இதன் கனம் விளங்கும். வற்றாத ஆறே இல்லாத நிலம். சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் கடல்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படலமே குடிக்கவும் தோட்டத்துக்கும். இறைப்பு மிஞ்சினாலோ கடல்மட்டம் உயர்ந்தாலோ அந்தப் படலம் மெலிந்து கிணறுகள் உவர்க்கும். உவர்த்த கிணற்றை மனிதர் கைவிடுவர். மனிதர் கைவிட்ட கிணற்றை நுளம்பு எடுத்துக்கொள்ளும். உவர்நீருக்குப் பழகிய குடம்பிகளின் மேற்தோல் தடித்திருப்பதும், குடம்பிக்கொல்லி மருந்தான தெமிபொஸை அவை கூடுதலாகத் தாங்குவதும் பின்னர் வந்த ஆய்வுகளில் தெரிந்தன. காலநிலை மாற்றம் என்றதும் வெப்பமானியையே நினைக்கும் பழக்கத்துக்கு இது ஒரு திருத்தம்.

வயல், பன்றி, கொக்கு

சூழலின் பங்கை வேறொரு கோணத்தில் காட்டுவது யப்பானிய மூளைக்காய்ச்சல். இதைச் சுமக்கும் கியூலெக்ஸ் நுளம்பு நீர் கட்டிய நெல்வயலில் வளர்கிறது. வைரஸ் கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளில் தங்கி, பன்றிகளில் பெருகுகிறது. மனிதக் குருதியில் அது போதிய அளவு பெருகாததால் மனிதரிடமிருந்து நுளம்புக்குத் திரும்பிப் போவதில்லை. 1980களின் நடுப்பகுதியில் அனுராதபுரத்தையும் மகாவலிக் குடியேற்றங்களையும் இந்த நோய் தாக்கியது. புதிய நீர்ப்பாசனம் வறண்ட நிலத்தை வயலாக்கியிருந்தது. வருமானத்துக்காகப் பன்றி வளர்ப்பும் ஊக்குவிக்கப்பட்டிருந்தது. இரண்டும் தனித்தனியே நல்ல திட்டங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது வைரஸுக்கு வேண்டியவை அனைத்தும் ஓரிடத்தில் கூடின. தடுப்பூசி வந்த பின்னரே நோய் அடங்கியது.

புவி வெப்பமடைவது எதை மாற்றுகிறது?

ஏற்கெனவே சூடான தாழ்நிலங்களில் இன்னும் ஒரு பாகை ஏறுவது பெரிய மாற்றத்தைத் தராமலும் போகலாம். சில இடங்களில் கோடை உச்சத்தில் பரவல் குறையவும் கூடும். மாற்றம் முதலில் தெரிவது விளிம்புகளில், அதாவது மலைகளிலும் குளிர்நாடுகளிலும். நேபாளத்தில் 2004இல்தான் முதன்முதலாக டெங்கு பதிவானது. 2022இல் 54,000க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 1,400 மீற்றர் உயரத்திலுள்ள காத்மண்டுப் பள்ளத்தாக்கும் அதில் அடக்கம். வெப்பம் கதவைத் திறந்தது உண்மை. கதவு வழியே நுளம்பை ஏற்றிச் சென்றவை லொறிகளும் பழைய ரயர்களும் திட்டமின்றி வளர்ந்த நகரமும்.

மனிதப் போக்குவரத்தின் பங்கை யாழ்ப்பாணமும் ஆண்டுதோறும் காண்கிறது. மார்கழி விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வரும் பேருந்துகளும் புகைவண்டிகளும் வைரஸ் உள்ள உடல்களையும் ஏற்றி வருகின்றன. மழையில் பெருகிய நுளம்புகள் ஊரில் தயாராகக் காத்திருக்கின்றன. 2023 மார்கழியிலும் அதை அடுத்த தையிலும் குடாநாட்டின் வைத்தியசாலைகள் நிரம்பியதற்கு இந்தச் சந்திப்பும் ஒரு காரணம். ஏடிஸ் நுளம்பு தன் வாழ்நாளில் சில நூறு மீற்றருக்கு அப்பால் பறப்பது அரிது. நெடும்பயணம் போவது நாம்தான்.

வானிலைக்கும் நோய்க்கும் இடையிலான இந்த இடைவெளியே முன்னறிவிப்புக்கு வாய்ப்பும் தருகிறது. கிழக்கு ஆபிரிக்காவில் கால்நடைகளையும் மனிதரையும் தாக்கும் ரிப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல், பசிபிக் கடல் வழமையைவிடச் சூடாகும் எல் நினோ நிலையை ஒட்டிய பெருமழையில் தாழ்நிலங்கள் நிரம்பி, மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்த நுளம்பு முட்டைகள் பொரிக்கும்போது வெடிக்கிறது. கடல் வெப்பத்தையும் நிலத்தின் பசுமையையும் செய்மதிப் படங்களில் கண்காணித்த அமெரிக்க விண்வெளி ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எச்சரிக்கை விடுத்தனர். அந்த ஆண்டு டிசம்பரில் கென்யாவில் நோய் கண்டது. டெங்குவில் இவ்வளவு துல்லியம் கிடைப்பது கடினம். அங்கே முட்டை கிடப்பது வெட்டவெளி மண்ணில். இங்கே கிடப்பது பல இலட்சம் வீடுகளின் கோடிப்புறங்களில். அவற்றைச் செய்மதி காணாது.

தீர்வுகளும் வெப்பத்திலிருந்து தப்புவதில்லை. வொல்பாக்கியா என்ற பற்றீரியாவை ஏடிஸ் நுளம்பில் ஏற்றிவிட்டால் அதனுள் டெங்கு வைரஸ் பெருகுவது தடைப்படுகிறது. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரில் நடந்த பரிசோதனையில் டெங்கு நோயாளர் தொகை 77 சதவீதம் குறைந்தது. ஆனால் அங்கே பயன்பட்ட பற்றீரியா வகை, குடம்பி வளரும் தண்ணீர் பகலில் 37 பாகையளவு சூடானால் நுளம்பிலிருந்து மெல்ல மறைந்துவிடுகிறது. மலேசியாவில் வெப்பத்தைத் தாங்கும் வேறொரு வகையைத் தேர்ந்தெடுத்தமைக்கு இதுவே காரணம்.

கணக்கிலிருந்து கிடைக்கும் கால அட்டவணை

புகையடித்தல் பறக்கும் நுளம்பை மட்டும் கொல்கிறது. கட்டிலுக்குக் கீழேயுள்ள ஏடிஸைப் பெரும்பாலும் எட்டுவதில்லை. முட்டையையும் குடம்பியையும் தொடுவதேயில்லை. நோயாளர் தொகை செய்தியில் வரும் வாரத்தில் புகை அடிப்பது, மேலே எண்ணிய நாட்களின்படி, ஐந்தாறு வாரம் பிந்திய வேலை. தொட்டியையும் வாளியையும் கவிழ்ப்பதோடு நில்லாமல் உட்சுவரைத் தும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வற்புறுத்துவது, காய்ந்த முட்டைக்காக. வாரம் ஒருமுறை என்ற ஒழுங்கு, முட்டையிலிருந்து நுளம்பாக ஆகும் ஏழு நாட்களை வைத்து வந்தது. நுளம்பு பெருக இடம் வைத்திருப்பவர்மீது வழக்குத் தொடர 2007ஆம் ஆண்டின் சட்டம் அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரமும் பெரும்பாலும் நோய் பரவிய பின்னரே கையில் எடுக்கப்படுகிறது.

குடாநாட்டுக்கு இந்தக் கணக்கைப் பொருத்தினால், சுவர் தேய்க்கவும், பீலியில் அடைத்த சருகை அள்ளவும், கைவிட்ட கிணற்றுக்கு வலை போடவும் உரிய மாதம் புரட்டாதி. அப்போது கிணற்றின் நீர் அடியில் கிடக்கும், வாளிகள் காய்ந்து கிடக்கும், காய்ச்சல்காரர் ஓரிருவரே இருப்பர், பத்திரிகையில் டெங்கு பற்றி ஒரு வரிகூட இராது.